தாமரைக் கதவு

அழகுக்காம்! அடுக்ககத்தின் கதவுகளில் கைப்பிடியை எடுத்துவிட்டு, வழவழவென்ற தொடுதிரையில் தாமரைப் படம் பதித்திருந்தார்கள். அதில் குறிப்பிட்ட ஓர் இதழை விரலால் விரித்தால்தான் திறக்கும். பார்வையில்லாத ஜெசிந்தாவுக்கு, தொட்ட பொருளின் பெயரைச் சொல்லும் காதுக்கருவி "படம்" என்று மட்டும் சொன்னது.

போன வாரம் படுக்கையறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே குழந்தைக்கு வலிப்பு. கட்டில் அதிர்வது கேட்டும், கணவன் வீடு திரும்பும்வரை கதவைத் தடவிக்கொண்டே கதறினாள். குழந்தை பிழைத்ததே பெரும்பாடு.

புகார் கொடுத்ததும் வடிவமைப்பாளன் வந்தான். "விருது வாங்கின டிசைன், மேடம். வேணும்னா மயில் படம் போட்டுத் தர்றேன்."

அவனுக்குப் பின்னால் வாசற்கதவு மூடிக்கொண்டது.

"கண்ணை மூடிக்கிட்டு வெளியே போங்க பார்ப்போம்" என்றாள் ஜெசிந்தா.

சிரித்தபடியே தடவினான். சற்று நேரத்தில் சிரிப்பு நின்றது. "எந்த இதழ்னு தெரியலையே. கண்ணைத் திறந்துக்கட்டுமா?"

"திறக்காதே! அந்தப் பக்கம் உன் பிள்ளை துடிச்சுக்கிட்டிருக்கு."