நாற்காலிச் சூடு

“இப்போ எழுந்திருங்க சார். திரும்பிப் பாருங்க.”

மேனேஜர் எழுந்து திரும்பினார். அடர்நீல இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“மந்திரம் ஒண்ணும் இல்ல,” என்றாள் நாற்காலியைக் கொண்டுவந்திருந்த டிசைனர் பெண். “துணியில கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் இருக்கு. உள்ளே சாயம். உடம்புச் சூடு பட்டா நிறம் போயிடும். ஆறிட்டா திரும்பி வந்துடும், கால் மணி நேரத்துல. குழந்தைங்க பால் கிண்ணத்துலகூட இந்தச் சாயத்தைத்தான் போடுறோம். பால் சுடுதான்னு கிண்ணமே சொல்லிடும்.”

“கிண்ணம் கிடக்கட்டும்மா. சீட் நீலமா இருந்தா, கால் மணி நேரமா அதுல ஆளே இல்ல. சரிதானே?”

“அப்படியும் சொல்லலாம். ஆனா நான் இதைச் செஞ்சது, ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்கிறவங்களை எழுப்பி நடக்க வைக்க.”

“நடக்க வைக்கவா? இங்கே உட்கார வைக்கிறதே பெரும்பாடு.”

மேனேஜரின் கவலை வேறு. அந்தக் கிளையில் இருக்கும் பதிமூன்று பேரில் ஒருவரைக் குறைக்க வேண்டும், யாரை என்று மாதக் கடைசிக்குள் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. யாரை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பில் கிளார்க். ஒரு இடத்தில் நிற்காதவன் என்பதால் அலுவலகமே அவனைக் காற்றாடி என்றுதான் கூப்பிட்டது. ஆதாரம்தான் இல்லாமல் இருந்தது.

“பதிமூணு நாற்காலி அனுப்புங்க,” என்றார். “எனக்கு மட்டும் முதுகு கொஞ்சம் உயரமா.”

“சரி சார். இதோட இன்னொரு சாமானும் இருக்கு. மெழுகு மாதிரி. சூட்டுல உருகும், உறையும்போது...”

“போதும்மா. எனக்கு நாற்காலி போதும்.”

அவள் முகம் வாடியது. பாதி திறந்த பையை மூடிக்கொண்டு போனாள். ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போக அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனதை மேனேஜர் கவனிக்கவில்லை. ‘சீட் நீலமாக இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். நாற்காலி பொய் சொல்லாது. யார் போக வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்’ என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நாற்காலிகள் வந்தன. மேனேஜர் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஹாலில் ரோந்துதான். ஆள் இல்லாத சீட்டையெல்லாம் குனிந்து பார்ப்பார். எல்லாம் வெள்ளை. டீ நேரத்தில் வெள்ளை. சாப்பாட்டு நேரத்தில் வெள்ளை. காற்றாடியின் சீட்கூட.

“எங்கேடா போயிட்டு வர்றே?”

“இப்பத்தான் சார் எழுந்தேன். நீங்களே பாருங்களேன், சூடு ஆறல.”

மேனேஜருக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடம் வந்தார். மேனேஜர் வாசலில் ஒரு மணி நேரமாகக் காத்திருந்து அழைத்து வந்தார். நாற்காலிகளைச் சரிபார்க்க டிசைனர் பெண்ணும் வந்திருந்தாள். சாப்பாட்டு நேரம். ஹாலில் ஒருவரும் இல்லை.

பன்னிரண்டு நாற்காலிகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. கோடியில், உயரமான முதுகு வைத்த ஒன்று மட்டும் அடர்நீலம்.

“அது யாரோடது?”

மேனேஜர் அவசரமாக அதன் முன்னால் போய் நின்றார். “என்னோடது மேடம். மத்தவங்க சீட்ல இருக்காங்களான்னு பார்க்கத்தான் நான்...”

“பன்னிரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் சீட்டை விட்டு அசையல. அப்புறம் யாரைப் பார்க்கச் சுத்தினீங்க?” பெரிய மேடம் கைப்பையிலிருந்து அவருடைய கடிதத்தை எடுத்து அவரிடமே நீட்டினார். “நாற்காலி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே எழுதினீங்க. நான் ஆளைத் தேட வேண்டிய வேலையே மிச்சம்.”

அவர் போனதும் மேனேஜர் தன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். டிசைனர் பெண் பக்கத்தில் மண்டியிட்டு, இருக்கை உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

“என்ன சார், உங்க சீட்ல மட்டும் பட்டை இல்லையே?”

“என்ன பட்டை?”

“அன்னிக்குக் காட்ட வந்தேனே, மெழுகுப் பட்டை. உட்கார்ந்தா உருகும், எழுந்தா உறையும். உறையும்போது வாங்கின சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் தரும், ரெண்டு மணி நேரத்துக்கு சீட் ஆறவே ஆறாது,” என்றாள் அவள், கடைசியில் இவரும் காதுகொடுத்துக் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில். “நீங்க வேண்டாம்னுட்டீங்க. வெளியில மத்த பன்னிரண்டு பேரும் பொறுமையா கேட்டு ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கிட்டாங்க.”