மறைத்த கடி

“நாய் கடிச்சா ஊசி போட்டுக்கணும்னு ஊருக்கே தெரியும். உன் புருஷனுக்கு மட்டும் தெரியாதா?”

ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்கவில்லை உஷாராணி. சோரியாங்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த எரிச்சல் வேறு.

பக்கத்து வீட்டுப் பக்கிரி உள்ளே, இருட்டறையில் கை கால் கட்டப்பட்டுக் கிடந்தான். தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொண்டது. இனி பிழைக்க வழியில்லை என்று டாக்டர் காலையிலேயே கைவிரித்துவிட்டார்.

அவன் மனைவி அமுதம் சுவரோரம் குந்தியிருந்தாள்.

“பாகூர் ஆஸ்பத்திரியில சும்மா போடறாங்கடி. ஆட்டோவுல மைக் கட்டிக் கத்திட்டுப் போறாங்க, சோப்பு போட்டுக் கழுவு, உடனே ஓடி வான்னு. இன்னா பண்ணிட்டிருந்தாரு உன் வூட்டுக்காரரு?”

“எனக்கே தெரியாதுக்கா. கரும்புக் கட்டை குத்திடுச்சுன்னு சொன்னாரு.”

“பொய் வேறயா! ஊசிக்குப் பயம். மீசை மட்டும் பெருசு.”

“ஊசிக்குப் பயமில்லக்கா.”

“பின்ன இன்னா? தும்மறதுக்கே அக்கம்பக்கம் பார்க்கிற ஆளு. அப்படி வாயை மூடிட்டு இருந்தா இப்படித்தான் ஆவும்.”

அமுதம் தலையைக் குனிந்துகொண்டாள். பேசாதவர்களைக் கண்டால் உஷாராணிக்கு இன்னும் கோபம் ஏறும்.

“எந்தத் தெரு நாயி? சொல்லு. கொம்யூன் பஞ்சாயத்துல சொல்லி இன்னிக்கே நாய் பிடிக்கிற வண்டி வரவைக்கிறேன்.”

“தெருநாய் இல்லக்கா.”

“அப்புறம்?”

அமுதம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நேத்து நினைவு தப்பறதுக்கு முன்னாடிதான் சொன்னாரு. உங்க ஜிம்மிதான்.”

“ஜிம்மியா? அது செத்து ரெண்டு மாசம் ஆவுது! எவனோ படுபாவி சோத்துல விஷத்தை வச்சு, வாயில நுரை தள்ளி...”



“அது விஷமில்லக்கா, வெறி. சாவறதுக்கு முந்தின நாளுதான் இவரு காலைக் கவ்வியிருக்குது. மறுநாளே நீங்க தெருவுல நின்னு, ‘விஷம் வச்சவன் குடும்பம் வெளங்காது’ன்னு மண்ணை வாரித் தூத்தினீங்க. ஊசிக்குப் போனா யார் வூட்டு நாயின்னு கேப்பாங்களே...”

அமுதம் அறைக் கதவைப் பார்த்தாள்.

“‘கடிச்ச கோவத்துல நான்தான் விஷம் வச்சேன்னு உஷாக்கா சொல்லிடும்’னு பயந்துக்கிட்டு, வாயே தொறக்கலையாம்க்கா.”