எட்டாம் கிளாஸ் பாடம்

"பூகோளமா? அதை எட்டாம் கிளாஸ்லயே முடிச்சாச்சே" என்றார் டாக்டரம்மா, மாடிப்படியில் நின்றபடி. "உலகம் உருண்டைன்னு கண்டுபிடிச்சும் ரொம்ப நாளாச்சு. இன்னும் மூணு வருஷம் உட்கார்ந்து என்னத்தைப் படிப்பாங்க?"

படியில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா டாக்டர் இல்லை. மகனை டாக்டருக்குப் படிக்கப் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் வீடு வீடாக மிட்டாய் கொடுத்த அன்றே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. குடியிருப்பில் எல்லார் துணியும் மொட்டை மாடியில்தான் காயும். அந்தப் பையனின் வெள்ளைக் கோட்டு மட்டும் தெருப்பக்கத்துப் பால்கனியில் காயும்.

எதிர் வீடு கவுன்ட்டரம்மா. பஸ் நிலையக் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாளெல்லாம் பயணிகளிடம் வசவு வாங்கிப் பழகியவர். ஆனால் மகளை யாராவது ஒன்று சொல்லிவிட்டால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். மகள் புவியியல் பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷம்.

டாக்டரம்மாவும் விடுகிற ஆள் இல்லை.

வானம் கொஞ்சம் கறுத்தால், "ஏம்மா, உன் பொண்ணைக் கேட்டுச் சொல்லேன், துணி காயப் போடலாமா வேண்டாமா?" என்பார்.

நிலம் அளக்கும் சங்கிலியை மகள் ஒரு நாள் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "சங்கிலி எதுக்கு? காலேஜ்ல மாடு கட்டச் சொல்லித் தர்றாங்களா?"

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

"உனக்கு வாயே இல்லையாடி? ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"விடும்மா."

"எத்தனை நாளைக்கு விடறது? படியில கால் வைக்கவே கூசுது. நீ என்னடான்னா அவங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டு வர்றே."

மகள் பென்சிலைச் சீவிக்கொண்டே, "பாவம்மா அவங்க" என்றாள்.

"யாரு, அவங்களா? டாக்டர் பையனைப் பெத்து வெச்சுக்கிட்டு நம்மளை நடுப்படியில நிக்க வெச்சு வறுக்கிறாங்க, அவங்க பாவமா? உன்னைப் பெத்த நான்தான் பாவம்."

அந்த வாரம் கல்லூரியில் புவியியல் துறைக் கண்காட்சி. அம்மா வருகிறேன் என்றதும் மகள் தடுமாறினாள்.

"எதுக்கும்மா, அரை நாள் லீவு வீணாப் போயிடும்."

"போகட்டும். நீ என்ன படிக்கிறேன்னு என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டு வந்து அந்த மகராசிக்கு நான் பதில் சொல்றேன்."

போனார். சுவரில் மகள் வரைந்த வரைபடம் தொங்கியது. கவுன்ட்டரம்மா தினமும் டிக்கெட் கொடுக்கிற ஊர்கள்தான் எல்லாம். எந்த ஊர் ஆற்றங்கரையில் முளைத்தது, எது மலைப்பாதை தொடங்கும் இடத்தில் முளைத்தது என்று வண்ணம் தீட்டிக் காட்டியிருந்தாள். இத்தனை வருஷம் வெறும் பேராகச் சொல்லி வந்த ஊர்களை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த மேஜையில் ஒரு பெரிய மணல் தட்டு. சுற்றிக் கூட்டம். நடுவில் ஒரு பையன் குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றியபடி, ஆறு ஏன் நேராக ஓடாமல் வளைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தான். "ஒரு பக்கக் கரையை அரிக்கும், மறுபக்கம் மணலைச் சேர்க்கும். அப்படியே வளைஞ்சுக்கிட்டே..."

நிமிர்ந்தவன் கவுன்ட்டரம்மாவைப் பார்த்துவிட்டான். பேச்சு நின்றது. குவளைத் தண்ணீர் மேஜையெல்லாம் ஓடியது.

டாக்டரம்மாவின் மகன். மேலே கோட்டு இல்லை. சட்டையில் புவியியல் துறை அட்டை குத்தியிருந்தது.

கவுன்ட்டரம்மா சட்டென்று அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் கேட்டார். "முதல் நாள்லேர்ந்தே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏண்டி எங்கிட்டகூடச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

கொஞ்ச தூரம் போனதும் அம்மா, "அவங்களை ஏமாத்திட்டு வர்றானா?" என்று கேட்டார்.

"தெரியலைம்மா. நான் கேட்டதே இல்லை. கோட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டுத்தான் கிளாஸுக்குள்ள வருவான். அதைப் பார்த்தப்புறம் எப்படிக் கேக்கறது?"

சாயங்காலம் மாடிப்படியில் வழக்கம்போல நாலு பேர். நடுவில் டாக்டரம்மா.

"என்னம்மா, கண்காட்சிக்குப் போயிருந்தியாமே. உலகம் இன்னும் உருண்டையாத்தான் இருக்கா?"

சிரிப்பு எழுந்தது. கவுன்ட்டரம்மா படியில் நின்றார். பஸ்ஸில் பாதி வழியிலேயே பதிலைத் தீட்டி வைத்திருந்தார். ஒரே வரிதான். சொன்னால் ராத்திரிக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிடும். அந்தப் பால்கனியில் அப்புறம் எதையும் காயப்போட முடியாது.

வாயைத் திறந்தார். பின்னால் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்குக்கா" என்றார். "ஆறு எப்படி வளையுதுன்னு மணல்ல தண்ணி விட்டு ஒரு பையன் காட்டினான். கூட்டம் நகரவே இல்லை. நானே நின்னு பார்த்தேன்."

இதில் சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டாக்டரம்மா மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். கடைசிக் கதவையும் சாத்தும் சத்தம் கேட்டபிறகு, ஒரு படி இறங்கி வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்லாப் பேசினானா? கூட்டத்தைப் பார்த்தா சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குத் தொண்டை அடைச்சுக்கும்."