ஜெயித்தவர் கதவைத் திறக்கவும்

"இது பச்சைத் திருட்டு, நர்ஸம்மா!"

ஆடிட்டர் போனில் இரைந்தார். இரைந்ததில் இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"என்ன சார், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கோபத்துல இருக்கேன், வேற எப்படி இருக்கும்? நேத்து ஆட்டத்துல அந்த மைக் மாமா நாற்பத்தேழை ரெண்டு தடவை கூப்பிட்டார். பையில இருக்கிறது ஒரே ஒரு நாற்பத்தேழு. அது எப்படிம்மா திரும்ப வரும்?"

"வயசாச்சு இல்ல, மறந்திருப்பார்."

"அவரா? ஸ்டேஷன்ல ரயில் அறிவிப்பு சொன்ன மனுஷன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு சொல்வார். நீங்க மன்றத் தலைவி. அவர் கையிலேருந்து மைக்கைப் பிடுங்குங்க. இல்லேன்னா நானே எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சுடுவேன்."

"இன்னிக்கு ஒரு ஆட்டம் மட்டும் ஆடிப் பாருங்க சார். அப்புறம் பேசலாம்" என்று நர்ஸம்மா போனை வைத்துவிட்டார்.

தொற்று வந்து முதியோர் குடியிருப்பே கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அவர்களுடைய மனமகிழ் மன்றத்துக்கு மிஞ்சிய ஒரே ஆட்டம் தம்போலா. மைக் மாமா கீழே ஹாலில் எண் வில்லைகள் போட்ட பையோடு தனியாக உட்கார்ந்து எண்களைக் கூப்பிடுவார். ஒலிபெருக்கியில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். தினமும் கைக்குக் கை காகிதம் மாற வேண்டாம் என்று ஆளுக்கு ஒரு சீட்டை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்ட எண்ணின் மேல் ஒரு சட்டைப் பொத்தானை வைக்க வேண்டியது. சீட்டு நிரம்பினால் கதவைத் திறந்து, வாசலில் நின்று காட்ட வேண்டியது. பரிசு, ஒரு குளியல் சோப்பு.

அங்கேதான் ஆடிட்டருக்குக் குழப்பம். எத்தனையோ திருட்டுக் கணக்கைப் பிடித்தவர் அவர். லாபமே இல்லாத திருட்டை இப்போதுதான் பார்க்கிறார். ஒரு சோப்புக்கா ஒரு மனுஷன் தில்லுமுல்லு செய்வான்?

வேண்டியவர்களுக்குச் செய்கிறார் என்று பார்த்தால் அதுவும் ஒட்டவில்லை. முந்தாநாள் ஜெயித்தவர் டிரைவர். மனைவி போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவர். அவருக்கும் மைக் மாமாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே எலியும் பூனையும்தான். நேற்று ஜெயித்தது தையல்காரம்மா. மகனோடு சண்டை போட்டுவிட்டு யார் கூப்பிட்டாலும் பேசாமல் இருந்தவர். ஆகாதவனுக்காகத் திருடுகிற திருடனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

யோசிக்க யோசிக்கத் தலைதான் வலித்தது. காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கினார்.

ஆமாம், காய்ச்சல்தான். நேற்றிலிருந்து. யாரிடமும் மூச்சு விடவில்லை. எதிர்வீட்டு நண்பர் அப்படித்தான் "லேசா காய்ச்சல்" என்று வாய்விட்டுச் சொன்னார். வண்டி வந்தது, ஏறிப் போனார், திரும்பி வரவில்லை. ஆடிட்டருக்கு அந்தப் பயம். காலையில் நர்ஸம்மா கதவைத் தட்டியபோதுகூட, "கல்லுக்குண்டு மாதிரி நல்லா இருக்கேன்மா" என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தம்போலா எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

ஆடிட்டர் ஆட உட்காரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு."

சீட்டில் இருந்தது. பொத்தானை வைத்தார்.

"எழுபத்தொன்று."

அதுவும் இருந்தது.

"முப்பத்து மூன்று."

இல்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அடுத்தது இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. பொத்தான்கள் மளமளவென்று ஏறின. அவருக்கு எந்தக் குலுக்கலிலும் ஒரு ஸ்பூன்கூட விழுந்ததில்லை. காய்ச்சலில் கண் தப்பாகப் பார்க்கிறதோ என்று சீட்டை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"எண்பது."

நிரம்பிவிட்டது.

இப்போது வாயைத் திறந்தால் திருட்டுக்கு அவரும் கூட்டு. ஆடிட்டர் பேசாமல் இருந்தார். ஒலிபெருக்கியும் பேசாமல் இருந்தது.

"அடுத்த எண்ணைக் கூப்பிடுய்யா!" என்று யாரோ பால்கனியிலிருந்து கத்தினார்கள்.

"வண்டி சிக்னலுக்காக நிக்குது" என்றார் மைக் மாமா. "ஜெயிச்சவர் கதவைத் திறந்தாத்தான் கிளம்பும்."

ஆக, சீட்டு நிரம்பியது அவருக்குத் தெரியும்! ஆடிட்டருக்குப் பொறுக்கவில்லை. சீட்டைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்தார். கண் இருட்டியது. சுவரைப் பிடித்தபடி போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே கொஞ்சம் தள்ளி, முகக்கவசத்தோடு நர்ஸம்மா நின்றிருந்தார். ஒரு கையில் சோப்பு. இன்னொரு கையில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி.

"நான் ஜெயிச்சேன்னு சொல்லவே இல்லை. அதுக்குள்ள சோப்போட வந்து நிக்கறீங்க!" ஆடிட்டருக்கு மூச்சு வாங்கியது. "அப்போ நீங்களும் இதுல கூட்டா?"

"ஆமாம் சார். மாமா பையில கையே விடறதில்லை. எல்லார் சீட்டும் அவருக்கு மனப்பாடம். நேத்துதான் நாற்பத்தேழுல கொஞ்சம் தடுமாறிட்டார்."

"எதுக்கும்மா இந்தத் திருட்டு?"

"தட்டினா எல்லாரும் உள்ளேருந்தே 'நல்லா இருக்கேன்'னு சொல்லிடறாங்க சார். ஜெயிச்சாத்தான் கதவைத் திறக்கறாங்க."

ஆடிட்டருக்குச் சட்டென்று அழுகை வந்தது. சோப்பை வாங்கவில்லை. விரலை நீட்டினார்.