புது எஞ்சினின் முதல் உறுமல்

பனிக்காலத்தில் ரஸ்ஸல் புற்றுநோயில் இறந்தபோது, வேகத்துக்குப் பேர்போன அவனுடைய பழைய மசில் காரின் எஞ்சின் ஒஹாயோ வீட்டு ஷெட்டில் பிரித்தபடி கிடந்தது. தம்பி ஆசைப்பட்டபடியே சிலிண்டர்களை அகலமாகக் குடைந்து, பெரிய பிஸ்டன்களைப் பொருத்தி, எஞ்சினைக் காரில் ஏற்றி முடித்தாள் அக்கா லினெட்.

ஞாயிறு மதியம் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஏய், மெதுவா மிதிடி! புது எஞ்சின்!" என்று பானெட்டுப் பக்கமிருந்து கத்தினான் அவள் கணவன் கர்ட்டிஸ்.

"நான் மிதிக்கவே இல்லையே!"

குனிந்து பார்த்தாள். ஆக்ஸிலரேட்டர் தரையோடு அழுந்திக் கிடந்தது. பதறிப்போய்ச் சாவியை உருவினாள். உறுமல் நிற்கவில்லை.

"ரஸ்ஸல், வேணாம்டா. உடைஞ்சிடும்," என்றாள்.

பெடல் மெல்லப் பாதிக்கு எழுந்து நின்றது.

லினெட் ஓட்டுநர் இருக்கையை விட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.