கீழ்த்தட்டு ஹெட்போன்

மெக்கானிக்கின் மகள் கை காட்டியது கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாய் உட்கார்ந்திருந்த வெள்ளை ஹெட்போனை. கடைக்காரர் குனிந்து எடுத்தது கீழ்த்தட்டில் கிடந்த கறுப்பு ஹெட்போனை.

மெக்கானிக்கின் கண் சுருங்கியது.

பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் வகுப்பில் பாதிப் பேர் கழுத்தில் அந்த வெள்ளைதான் தொங்குகிறதாம். அது இல்லாதவர்களை ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். சரி, கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே இந்த ஆள்?

"அதுல பாதி விலை மேல போட்டிருக்கிற பேருக்குத்தாம்மா. இதையும் ஒரு நிமிஷம் போட்டுக் கேளு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார் கடைக்காரர்.

மெக்கானிக் இருபத்திரண்டு வருஷமாய் வண்டி பிரிக்கிறவர். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறார். பேர் தெரியாத கம்பெனிச் சரக்கை ஒருத்தன் ஆசையாய் எடுத்து நீட்டினால், அதில் அவனுக்குக் கமிஷன் கூடுதல் என்று அர்த்தம். விற்காததைத் தலையில் கட்டுகிறான் என்று சொல்வோமே, இந்த ஆள் நிஜமாகவே தலையில்தான் கட்டுகிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மகள் ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டாள். வெள்ளையைப் போட்டபோது தலையை ஆட்டினாள். கறுப்பைப் போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. அப்படியே நின்றாள்.

"அப்பா, பாட்டுக்குப் பின்னாடி குட்டியா ஒரு மணி அடிக்குதுப்பா. நூறு தடவை கேட்ட பாட்டு, அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. வெள்ளையில டிரம் சத்தம் அதை முழுங்கிடுது. இதையே வாங்கிக்கலாம்."

ஒரு மாசமாய் வெள்ளை, வெள்ளை என்று உயிரை எடுத்தவள் ஒரு நிமிஷத்தில் மாறுகிறாள் என்றால், சும்மாவா? மெக்கானிக்கின் சந்தேகம் இன்னும் கூடியது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் வேன்காரர். சொந்தமாய் ஒன்பது சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஒன்பதுக்கும் மெக்கானிக் இவர்தான். மெக்கானிக் வீட்டு அடுப்பு எரிவதே அந்த ஒன்பது வண்டியால்தான். அவரும் தன் பையனுக்கு ஹெட்போன் பார்க்கத்தான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இவர்கிட்ட உங்க வித்தை பலிக்காது" என்றார் கடைக்காரரிடம். "வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஓரமா நின்னு கேப்பார். எந்த பேரிங் போச்சுன்னு கரெக்டா சொல்லிடுவார். அந்தக் காதை நம்பித்தான் என் வண்டிங்க ரோட்டுல ஓடுது. அவரே கேட்டுச் சொல்லட்டும். அவர் எதைச் சொல்றாரோ, எனக்கும் அதுலயே ஒண்ணு போடுங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் வெள்ளையைப் போட்டார். பிறகு கறுப்பு. இரண்டிலும் பாட்டு கேட்டது, டிரம் கேட்டது. மணி இல்லை. இன்னொரு தடவை போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இல்லவே இல்லை. கண்ணைத் திறந்தபோது, வெளியே கசிந்த பாட்டுக்கு ஏற்பக் கடைக்காரர் விரலை ஆட்டி, 'இதோ மணி' என்று சாடை காட்டிக்கொண்டிருந்தார்.

ஓகோ, இதுதான் சங்கதியா.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மணியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெண்டும் ஒரே சத்தம்தான். மணி கேக்குது, மணி கேக்குதுன்னு விரலை ஆட்டினா சின்னப் பிள்ளைக்குக் கேக்கத்தான் செய்யும். தூசி படிஞ்சு கிடந்ததைத் தள்ளிவிட நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கீங்க."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மெக்கானிக்கையே ஒரு கணம் பார்த்தார். பக்கத்தில் நின்ற வேன்காரரைப் பார்த்தார். கடைசியாக மகளைப் பார்த்து லேசாய்க் கண்ணைக் காட்டினார். அதையும் மெக்கானிக் கவனிக்காமல் இல்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றார் கடைக்காரர், மெதுவாக. "மணி எதுவும் இல்ல. வியாபாரத்துக்காகச் சொல்றதுதான். மன்னிச்சுக்கோங்க."

மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வேன்காரர் கடை அதிரச் சிரித்தார். பையனுக்கு வேறு கடையில் பார்த்துக்கொள்வதாகவும், தெரிந்தவர்கள் ஒருத்தரையும் இனி இந்தப் படி ஏறவிடப் போவதில்லை என்றும் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். மெக்கானிக்கின் தோளில் தட்டி, நாளைக்கு இரண்டு வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்த்தால், மகள் இன்னும் உள்ளேயே நிற்கிறாள். கடைக்காரர் அவள் கையில் மடித்த சீட்டு ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சுருக்கென்றது. வயசுப் பெண்ணுக்கு இந்த ஆள் எதற்குச் சீட்டுக் கொடுக்கிறான்? மகள் வாசலுக்கு வந்ததும் கையை நீட்டினார்.

"என்ன அது? குடு இங்க."

"உங்களுக்குத்தாம்பா" என்றாள் மகள். "வேன் மாமா போகட்டும்னு காத்திருந்து கொடுத்தார்."

பிரித்தார். மேலே ஒரு காது டாக்டரின் முகவரி. கீழே அவசரக் கிறுக்கல்:

'மெஷின் சத்தத்துல வேலை செய்றவங்களுக்கு மெல்லிசான சத்தம்தான் முதல்ல கேக்காமப் போகும். தள்ளிப்போடாம சீக்கிரம் போய்க் காட்டுங்க. உங்களுக்கு வேலை கொடுக்கிறவர் பக்கத்துல நின்னார். அதான், பொய் சொன்னவன் நானாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்.'