எதன் மேல் பிடித்தது

பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எறும்பு.

தெர்மோகோலில் பூச்சிகளைக் குத்திவைத்த முப்பது ஊசிகளிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கு விலங்கியல் செய்முறைத் தேர்வு. கணுக்காலிப் பெட்டிக்கே இருபது மதிப்பெண்.

வெட்டுக்கிளியை எடுத்தாள். காலில் ஒவ்வொரு கணுவும் அப்படியே இருந்தது. மேல் ஓடும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

தட்டானுக்குத் தலை இல்லை. பூரான் துண்டு துண்டாகக் கிடந்தது. சிலந்தி இருந்த ஊசியில் ஒரே ஒரு கால். வண்ணத்துப்பூச்சியின் சிறகு மேசை மேல் தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

ஐந்து மாதம். வாய்க்கால் சேறு, தென்னந்தோப்பு, விடுதிக் குளியலறை. பூரானை டப்பாவில் வைத்திருந்ததற்கு வார்டனிடம் வாங்கிய திட்டு.

எல்லாம் இரண்டு அந்துருண்டையால் போயிற்று. வாடையில் தலை வலிக்கிறது என்று அறைத்தோழி ஜெஸிந்தா சொன்னாளே என்று நேற்றுதான் வெளியே எடுத்துவைத்தாள். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜெஸிந்தா கட்டிலுக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை இழுத்தாள்.

"சீனியர் அக்கா குடுத்துட்டுப் போனது இன்னொண்ணு கெடக்கு. லேபிள மட்டும் மாத்திரு. நாங்க எல்லாரும் அதத்தான செஞ்சிருக்கோம்."

நல்ல பெட்டி. மூலைக்கு ஓர் அந்துருண்டை. முப்பதும் முழுசாக, பளபளவென்று. நான்கு வருடமாகப் பாஸாகிக்கொண்டிருக்கும் பூச்சிகள்.

பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. வகுப்பிலேயே இவள் ஒருத்திதான் வலையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். எறும்புக்கு இவளுடையதுதானா கிடைத்தது தின்பதற்கு?

மணி ஒன்பது.

சீனியர் பெட்டியை மூடினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஓர் எறும்பைப் பிடித்தாள். காகிதத் துண்டின் முனையில் ஒட்டி, தன் பெட்டியின் நடுவில் குத்தினாள்.

லேபிள் எழுத உட்கார்ந்தாள்.

பெயர்: எறும்பு. இடம்: மகளிர் விடுதி, அறை பதினான்கு. தேதி: இன்றைய தேதி. பிடித்தவர்: அவள் பெயர்.

எதன் மேல் பிடித்தது என்று கடைசியாக ஒரு வரி உண்டு. நெல், தென்னை, எருக்கு என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும் வரி.

வெட்டுக்கிளி என்று எழுதினாள்.

தட்டான். பூரான். சிலந்தி.

பொன்வண்டுக்கு வரும்போது அட்டையில் இடம் இல்லை.

இன்னோர் அட்டையை எடுத்தாள்.